வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்!

"ஐயா, நாள் பூரா லாரி சீட்டுலயே உட்கார்ந்திருக்கேன். என்ஜின் சூடு வேற. அதான் மூலச்சூடு பிடிச்சுக்கிச்சு, ரத்தம் போகுது. நல்ல லேகியமா ஒண்ணு குடுங்க."

அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர் அவர். வயது 48. நோயின் பெயரையும் அவரே சொல்லிவிட்டார், மருந்தையும் அவரே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன்! நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். துத்தியிலையும் கருணைக்கிழங்கு லேகியமும் கொடுத்து, காரத்தையும் கோழிக்கறியையும் நிறுத்தச் சொல்லி அனுப்பினேன். ரத்தம் குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி வந்தது. மறுபடி லேகியம். இப்படியே நான்கு மாதம் ஓடிப்போனது.

ஐந்தாவது மாதம் அவருடைய மனைவியும் கூட வந்தார். "டாக்டரய்யா, இவரு எத்தனை தடவை வெளிய போனாலும் போன மாதிரியே இல்லைங்கறாரு. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. இது வெறும் சூடுதானா?" என்று கேட்டார்.

அந்த அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கையுறையைப் போட்டு, ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தேன். விரல் நுனிக்கு எட்டும் உயரத்தில் கல் மாதிரி ஒரு மேடு. மூல முளை அப்படிக் கெட்டியாக இருக்காது. எனக்குக் கை நடுங்கியது.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். எண்வகைத் தேர்வு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த எட்டில் 'மலம்' ஒன்று. 'பரிசம்', அதாவது தொட்டறிதல், இன்னொன்று. மூலத்தில் 21 வகை என்று யூகி முனிவர் பிரித்ததை மனப்பாடமாக ஒப்பிப்பேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவரைத் தொட்டுப் பார்க்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் இந்தக் கட்டுரை அந்தத் தாமதத்தைப் பற்றி மட்டும் அல்ல. அதற்குப் பிறகு நடக்கிற இன்னொரு தப்பைப் பற்றி. அது தாமதத்துக்கு நேர் எதிரானது... அவசரம்!

"நாளைக்கே வெட்டிடுங்க!"

கொலோனோஸ்கோப்பி செய்து, சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்ததில் மலக்குடல் புற்றுநோய் என்று உறுதியானது. அன்று சாயங்காலமே குடும்பம் மொத்தமும் என் வைத்தியசாலையில் கூடிவிட்டது. டிரைவரின் மைத்துனர் பதறினார். "ஐயா, எங்க மச்சானுக்கு நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடச் சொல்றோம். ஆடு மாடு, காடு எது போனாலும் பரவாயில்ல. உள்ள இருக்கறதை வெட்டி எறிஞ்சாத்தான் நிம்மதி."

புற்றுநோய் என்று கேட்டதும் எந்தக் குடும்பத்துக்கும் இதுதான் தோன்றும். வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டால் யார் அளவு பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கத்தான் தோன்றும். ஆனால் நான், "பத்து நாள் பொறுங்க. இன்னும் அளந்து பார்க்கலை" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். 'நாலு மாசம் லேகியம் குடுத்த மனுஷன் இன்னும் பொறுக்கச் சொல்றாரே' என்கிற பார்வை அது!

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் ஓர் அம்மா எனக்குப் பல வருடப் பழக்கம். அவருக்கும் இதே நோய்தான். கண்டுபிடித்த வாரத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவில்லை. வெட்டி எடுத்த சதையைப் பரிசோதித்தபோது, வெட்டின ஓரம் வரைக்கும் புற்றுச் செல்கள் இருந்தன. எல்லையைத் தாண்டி நின்றது நோய்; எல்லை தெரியாமல் நின்றது கத்தி. பிறகு கதிரியக்கச் சிகிச்சை கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் இடுப்பெலும்புக்குள்ளேயே மறுபடி வந்துவிட்டது. உட்கார முடியாமல், படுக்க முடியாமல் அந்த அம்மா பட்ட வேதனையை நான் பார்த்தேன். முன்கூட்டியே அளந்திருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவருக்கு இருந்திருக்க வேண்டிய ஒரு வாய்ப்பு கேட்காமலேயே போய்விட்டது. அதுதான் என் மனசை அறுக்கிறது.

புற்றுக்குள்ளே எவ்வளவு தூரம்?

நம் முன்னோர் இந்த நோய்க்குப் 'புற்று' என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வயல் வரப்பில் கரையான் புற்று ஒரு முழ உயரம் தெரியும். உள்ளே எத்தனை முழம் ஓடியிருக்கிறது என்று மேலே பார்த்துச் சொல்ல முடியுமா? கொலோனோஸ்கோப்பி காட்டுவது புற்றின் மேல்பக்கத்தைத்தான். அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, பக்கத்து நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா, தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்று அளப்பதைத்தான் 'ஸ்டேஜ்' பார்ப்பது என்கிறார்கள்.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவுள்ள பகுதி. அதன் சுவரைச் சின்ன வெங்காயத்தின் அடுக்குகள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சவ்வு, அதற்கடியில் மெல்லிய அடுக்கு, அப்புறம் தசை, அதற்கு வெளியே கொழுப்பு. இந்தக் கொழுப்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறை. கட்டி சவ்வுக்கு அடுத்த அடுக்கோடு நின்றால் 'டி-1'. தசைக்குள் போனால் 'டி-2'. தசையைத் தாண்டிக் கொழுப்புக்குள் போனால் 'டி-3'. பக்கத்து உறுப்பையோ வயிற்று உறையையோ தொட்டுவிட்டால் 'டி-4'.

"வயிற்றில் வேறு இடத்தில் கட்டி வந்தால் இவ்வளவு யோசிப்பதில்லையே, இதற்கு மட்டும் ஏன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே இருக்கும் பெருங்குடலைச் சுற்றி இடம் தாராளம். நல்ல பகுதியையும் சேர்த்து விரிவாக வெட்டி எடுக்கலாம். மலக்குடலோ இடுப்பெலும்பு என்கிற குறுகலான கிணற்றுக்குள் இருக்கிறது. முன்னால் மூத்திரப்பை, ஆண்களுக்குப் புராஸ்டேட், பெண்களுக்குக் கர்ப்பப்பை. பக்கத்தில் நரம்புகள். கீழே மலத்தை அடக்கி வைக்கும் தசை. இந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் நோய் மிச்சம். அந்தப் பக்கம் அதிகமானால் மூத்திரம் போவதிலும், தாம்பத்தியத்திலும், மலத்தை அடக்குவதிலும் ஆயுசுக்கும் சங்கடம்.

முன்பெல்லாம் பின்னால்தான் தெரியும்

1932-ல் லண்டனில் கத்பெர்ட் டியூக்ஸ் என்ற டாக்டர் மலக்குடல் புற்றை ஏ, பி, சி என்று வகைப்படுத்தினார். பெரிய காரியம்தான். ஆனால் வெட்டி எடுத்த குடலை மேஜையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த வகை தெரியும். பரீட்சை எழுதி முடித்த பிறகு பாடத்தைப் படிப்பது மாதிரி!

1982-ல் இங்கிலாந்தில் பில் ஹீல்டு என்ற சர்ஜன், மலக்குடலோடு அதைச் சுற்றியுள்ள கொழுப்பையும் உறை கிழியாமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது குறையும் என்று எடுத்துச் சொன்னார். அந்த உறைதான் சர்ஜனின் வரப்பு. வரப்புக்கு உள்ளே நோய் இருந்தால் சுத்தமாக எடுக்கலாம். வரப்பை நோய் தொட்டுவிட்டால்?

அங்கேதான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருகிறது. 2006-ல் வெளிவந்த 'மெர்குரி' ஆய்வு (எங்கள் பாதரசம் இல்லை, ஆய்வின் பெயரே அதுதான்!) ஐரோப்பிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நடந்தது. சுத்தமான ஓரத்தோடு கட்டியை எடுக்க முடியுமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே எம்.ஆர்.ஐ. நன்றாகச் சொல்லிவிடுகிறது என்று அது காட்டியது. உறைக்கும் கட்டிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அரிசி மணியின் தடிமன் கூட இல்லாத அந்த இடைவெளியில்தான் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் இருக்கிறது.

அளந்தால் என்ன மாறும்?

எல்லாமே மாறும். மிக ஆரம்பத்தில் இருக்கும் சில சின்னக் கட்டிகளை ஆசனவாய் வழியாகவே எடுத்துவிடலாம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தசையோடு நின்று, நெறிக்கட்டிக்கும் போகாத கட்டி என்றால் பெரும்பாலும் நேரே ஆபரேஷன்தான். கரண்டும் வேண்டாம், கீமோதெரபியும் வேண்டாம். (நம் ஊரில் கதிரியக்கச் சிகிச்சைக்குக் 'கரண்ட் வைக்கிறது' என்றுதானே பெயர்!) தேவையில்லாத கரண்டைத் தவிர்ப்பதும் ஸ்டேஜ் பார்ப்பதின் லாபம்தான். இடுப்பில் கதிர் பட்டால் குழந்தை பெறும் சக்தி பாதிக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு முன்கூட்டியே நின்றுபோகலாம். நம் நாட்டில் இந்த நோய் இள வயதினருக்கும் வருகிறது. இனிமேல்தான் குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் விந்து, கருமுட்டைச் சேமிப்பு பற்றி முன்பே கேட்டுவிட வேண்டும்.

கட்டி கொழுப்புக்குள் ஆழமாகப் போய் உறையை நெருங்கிவிட்டால், அல்லது நெறிக்கட்டிகளுக்குப் போயிருந்தால், முதலில் கரண்டும் மருந்தும், பிறகுதான் கத்தி. ஒரு முறையில் 5 நாளில் கதிர் முடிந்துவிடும். இன்னொரு முறையில் சுமார் ஐந்தரை வாரம், மாத்திரையோடு சேர்த்து. சிலருக்கு முழுக் கீமோதெரபியையும் ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். கட்டி சுருங்கி வரப்பை விட்டு உள்ளே வந்த பிறகு எடுப்பது சுலபம்.

"அதையே வெட்டின பிறகு கொடுத்தால் ஆகாதா?" ஆகும், ஆனால் அவ்வளவு பலன் இல்லை. 2004-ல் வந்த ஜெர்மன் ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் கரண்டும் மருந்தும் வாங்கியவர்களில் ஐந்து வருடத்துக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது 100-க்கு 6 பேருக்கு. ஆபரேஷனுக்குப் பின் வாங்கியவர்களில் 100-க்கு 13 பேருக்கு. மொத்த ஆயுளில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை, உண்மைதான். ஆனால் இடுப்புக்குள் நோய் திரும்புவது என்றால் என்ன என்று அந்த வெங்காயக்காரம்மாவைப் பார்த்த எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். கரண்டும் மருந்தும் கொடுத்த பிறகு சிலருக்குக் கட்டி கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகிறது. பிரேசிலில் ஆஞ்சலிதா ஹப்ர்-காமா என்ற பெண் சர்ஜன், அப்படிப்பட்டவர்களை உடனே வெட்டாமல் கண்காணித்துப் பார்க்கலாம் என்று காட்டினார். இது 'இனிமேல் வரவேண்டாம்' என்கிற வைத்தியம் இல்லை. சில மாதங்களுக்கு ஒரு தடவை விரல் பரிசோதனை, குழாய் விட்டுப் பார்ப்பது, எம்.ஆர்.ஐ. என்று தவறாமல் போக வேண்டும். அதற்கு ஆரம்பத்தில் எடுத்த அளவு கையில் இருக்க வேண்டாமா? முதல் படம் எடுக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிட்டால், அந்தப் படத்தைப் பிறகு எப்போதும் எடுக்க முடியாது!

இரண்டு பயங்கள்

"சதைத் துண்டு எடுத்தா, கத்தி பட்டா பரவிடும்" என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் பயாப்ஸியே வேண்டாம் என்று ஓடி வந்து எங்களிடம் பற்பம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: மலக்குடலில் துண்டு எடுப்பதால் நோய் பரவாது. எடுக்காவிட்டால்தான் நோய் சௌகரியமாக வளரும்.

"பத்து நாள் ஸ்கேன் ஸ்கேன்னு அலைஞ்சா அதுக்குள்ள பரவிடாதா?" என்பது இரண்டாவது பயம். சின்ன முளையாக இருப்பது புற்றாக மாறவே பொதுவாகப் பல வருடம் ஆகும். ஒரு வாரம், பத்து நாள் அளப்பதற்குச் செலவானால் குடி முழுகாது. மாதக்கணக்கில் போனால்தான் ஆபத்து. அந்த மாதங்கள் ஸ்கேன் வாசலில் போவதில்லை. கூச்சத்திலும், 'சூடு' என்ற நினைப்பிலும், என்னைப் போன்றவர்களின் லேகியத்திலும்தான் போகின்றன. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. குடல் முழுசாக அடைத்து வயிறு உப்பிவிட்டால் காத்திருக்க முடியாது. அப்போதுகூடப் பல பேருக்கு மலம் போக மாற்று வழி மட்டும் அமைத்துவிட்டு, நிதானமாக அளந்து மேற்கொண்டு செய்யலாம்.

'ஸ்டேஜ்' என்ற சொல்லே பலருக்கு ஜாதகத்தில் ஆயுள் பாவம் பார்ப்பது மாதிரி இருக்கிறது. "எந்த ஸ்டேஜுன்னு சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு" என்கிறார்கள். அது ஆயுள் கணிப்பு இல்லை, ஐயா! எந்த வழியில் போக வேண்டும் என்று காட்டும் வரைபடம். நாலாவது ஸ்டேஜிலும் கல்லீரலில் மட்டும் ஒன்றிரண்டு கட்டி என்றால், அதையும் எடுத்துக் குணமானவர்கள் இருக்கிறார்கள்.

டிரைவர் என்ன ஆனார்?

கடைசியில் என் பேச்சைக் கேட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கட்டி கொழுப்புக்குள் போய் உறையை நெருங்கியிருந்தது. நெறிக்கட்டிகளிலும் சந்தேகம். நெஞ்சு, வயிறு சி.டி. ஸ்கேனில் நுரையீரலும் கல்லீரலும் சுத்தம். சென்னையில் தங்கி 28 நாள் கரண்ட், கூடவே மாத்திரை. இரண்டு மாதத்துக்கு மேல் பொறுத்து மறுபடி எம்.ஆர்.ஐ. கட்டி நன்றாகச் சுருங்கி வரப்பை விட்டு விலகியிருந்தது. பிறகு ஆபரேஷன். ஓரம் சுத்தம். அடக்கும் தசையையும் காப்பாற்றிவிட்டார்கள். வயிற்றில் வைத்த பையைச் சில மாதத்தில் எடுத்தார்கள்.

சினிமா மாதிரி எல்லாம் சுபம் என்று எழுத மாட்டேன். இன்றைக்கும் அவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வெளியே போக வேண்டியிருக்கிறது. லாரியை விட்டுவிட்டார். ஜெயங்கொண்டம் பக்கம் சொந்தக்காரர் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று வருடமாக நோய் திரும்பவில்லை. ஐந்து வருடக் கணக்கு இன்னும் முடியவில்லை. போன தடவை வந்தபோது ஒரு பை முந்திரிப்பருப்பு கொண்டு வந்தார். வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

கேளுங்கள், தைரியமாகக் கேளுங்கள்

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால், ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

1. ஆசனவாயிலிருந்து கட்டி எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது?
2. இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா? கட்டிக்கும் உறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி?
3. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன் பார்த்தாயிற்றா?
4. சர்ஜன், கதிரியக்க டாக்டர், கீமோதெரபி டாக்டர், ஸ்கேன் டாக்டர் எல்லோரும் கலந்து பேசி முடிவு செய்தார்களா?
5. சதைத் துண்டில் 'எம்.எம்.ஆர்.' பரிசோதனை செய்தாயிற்றா? (ஒரு சிறு பகுதியினருக்கு, இந்த முடிவைப் பொறுத்து, கத்தியே இல்லாமல் ஊசி மருந்திலேயே கட்டி மறைவதாக 2022-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.)
6. பை வைக்க வேண்டுமா? தற்காலிகமா, நிரந்தரமா?

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடக்கம். சொந்தமாக பாலிசி எடுத்தவர்கள் அதில் என்னென்ன அடங்கும் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் எல்லாம் நாம் போய் வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன.

என் சக சித்த வைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் என்று வருபவரை விரல் விட்டுப் பார்க்காமல் மூலம் என்று எழுதாதீர்கள். மூலமே இருந்தாலும் அதற்கு மேலே இன்னொன்று இருக்கலாம். விரலுக்கு எட்டாதது கொலோனோஸ்கோப்பிக்கு எட்டும், அனுப்பிவிடுங்கள். புற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் வருடச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மனசாட்சி தடுக்க வேண்டும். கீமோதெரபி நடக்கும்போது நம் பற்பத்தையும் செந்தூரத்தையும் அந்த டாக்டருக்குத் தெரியாமல் கொடுப்பது பெரும் பாவம். அளவு பார்க்காமல் அறுக்கிற சர்ஜனுக்கும், தொட்டுப் பார்க்காமல் லேகியம் கொடுக்கிற வைத்தியனுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

தையல்காரர்கூட இரண்டு தடவை அளந்த பிறகுதான் துணியில் கத்திரிக்கோலை வைக்கிறார். துணி கெட்டால் வேறு துணி வாங்கிக்கொள்ளலாம்.

மலத்தில் ரத்தம் தெரிந்தால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். புற்று என்று தெரிந்தால், முதலில் அளக்கச் சொல்லுங்கள்.